கொடுக்கக் குறையாத செல்வம்

முன்னுரை

பொருட்செல்வத்தைப் பிறர்க்குக் கொடுத்தால் குறையும். கல்விச் செல்வத்தைக் கொடுத்தால் பெருகும் என்று சிறு வயது முதலே கேட்டு வருகிறோம். பேச்சுப் போட்டிகளில் நாமே பலமுறை முழங்கியும் இருக்கிறோம். ஆனால் அதன் முழுப் பொருளை எங்களுக்கு உணர்த்தியது ஒரு சிறிய பென் டிரைவ். அந்தக் கதையைச் சொல்லியே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

சென்ற ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில், சமூக அறிவியல் செயல்திட்டத்திற்காக 'எங்கள் மலை' என்ற தலைப்பில் பதினொரு பக்கங்கள் எழுதினோம். அதில் நாங்கள் மிகவும் பெருமைப்பட்ட பகுதி ஒன்று உண்டு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, சேர்வராயன் மலையில் தொன்றுதொட்டு வாழ்ந்து வரும் மலையாளி என்னும் மலைவாழ் மக்களைச் சேர்ந்தவள். அவளுடைய பாட்டி, திண்ணையில் அமர்ந்து, மலையில் விளையும் சாமை, கேழ்வரகு வகைகளுக்கும் காட்டுக் கீரைகளுக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நாங்கள் இருபத்து மூன்று பெயர்களை எழுதிக்கொண்டோம்.

தட்டச்சு அழகாக இருக்கட்டும் என்று, சேலத்துக்குச் சென்ற ஒரு தோழியின் தந்தையிடம் தாள்களைக் கொடுத்தனுப்பினோம். அங்கே ஒரு டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்து பென் டிரைவில் போட்டுத் தந்தார்கள். கைப்பிரதியைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக் கணினியில் திறந்து பார்த்தால், ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை! ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கூழாகக் கலந்து கிடந்தன. கடைக்குத் தொலைபேசியில் பேசினால், "அந்த எழுத்துரு எங்களிடம் விலைக்கு வாங்கியது, உங்களுக்குத் தர முடியாதம்மா" என்று சொல்லிவிட்டார்கள்.

நினைவில் இருந்ததைக் கொண்டு இரவெல்லாம் மீண்டும் எழுதினோம். பாட்டி சொன்ன பெயர்களில் ஒன்பதுதான் நினைவுக்கு வந்தன. கிறிஸ்துமஸ் விடுமுறையில் மறுபடியும் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தோம். கார்த்திகை மழையின்போது பாட்டி இறைவனடி சேர்ந்துவிட்டார்.

எங்கள் தமிழாசிரியை சிஸ்டர் அப்போது எங்களைப் பார்த்து, "பிள்ளைகளே, எழுதியது நீங்கள்தான். ஆனால் எழுத்து யாருடையது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

காப்பிச் செடி சொல்லும் பாடம்

ஏற்காட்டைச் சுற்றிலும் காப்பித் தோட்டங்கள். ஆனால் காப்பி இம்மலைக்கு உரியதன்று. 1820ஆம் ஆண்டையொட்டிச் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் அதை இங்கே கொண்டு வந்து நட்டார் என்பது வரலாறு. அதற்கும் முன்னே, அரபு நாட்டு வணிகர்கள் முளைக்கும் விதையை வெளியே விடாமல் காத்து வந்தனர் என்றும், பாபா புதான் என்னும் இசுலாமியப் பெரியார் ஏழு விதைகளை மறைத்துக் கொண்டு வந்து கருநாடக மலைகளில் விதைத்தார் என்றும் மரபுச் செய்தி கூறுகிறது. ஒருவரிடமே பூட்டிக் கிடந்த விதை வெளியே வந்ததால், இன்று ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குப் பிழைப்பு கிடைத்திருக்கிறது.

அறிவும் விதை போன்றதே. ஒரு வேறுபாடு உண்டு. விதையைக் கொடுத்தவர் கையில் ஒரு விதை குறையும். அறிவைக் கொடுத்தவரிடம் ஒன்றும் குறைவதில்லை. அவ்வாறு யாவரும் படிக்கவும், படி எடுக்கவும், பிறர்க்கு வழங்கவும் இசைவுடன் கிடைக்கும் அறிவையே இன்று 'திறந்த அறிவு' என்கின்றனர்.

ஓலையிலிருந்து அச்சுக்கு

இந்த எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. அதனை உருவாக்கியவர் இயேசு சபையைச் சேர்ந்த என்றிக்கே என்றீக்கஸ் அடிகளார். கற்றவர் வீட்டு ஓலைச்சுவடியில் இருந்த எழுத்து, எளிய மீனவர் கைக்கும் வருவதற்கு அதுவே தொடக்கம் எனலாம். 1732இல் வீரமாமுனிவர் பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளாகச் 'சதுரகராதி'யை இயற்றினார். அதற்கு முன்பு சொற்பொருள் அறிய வேண்டுமானால் நிகண்டுகளை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். அகர வரிசை தெரிந்த எவரும் தாமே பொருள் தேடிக்கொள்ளும்படி அவர் கதவைத் திறந்துவிட்டார்.

பின்னர், சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகிய பெரியோர்கள் ஊர் ஊராகச் சென்று செல்லரித்த ஏடுகளைத் தேடி அச்சேற்றினர். ஐயரவர்களின் 'சீவக சிந்தாமணி' பதிப்பு 1887இல் வெளிவந்தது. அவர்கள் அன்று சோர்ந்திருந்தால் நம் தமிழ்ப் பாடநூலில் பாதிப் பக்கங்கள் வெறுமையாகவே இருக்கும்.

உரிமையும் உடைமையும்

அச்சு வந்தபின் பதிப்புரிமையும் வந்தது. ஒருவர் உழைத்து எழுதியதை மற்றொருவர் திருடி விற்கலாகாது, அது நியாயமே. நம் நாட்டுச் சட்டப்படி, நூலாசிரியரின் வாழ்நாளும் அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிலைக்கும். அதன்பின் நூல் பொதுச் சொத்தாகிவிடும்.

எனினும் சில நூல்கள் அவ்வளவு காலம் காத்திருக்கலாகாது என்று மக்கள் எண்ணினர். மகாகவி பாரதியார் 1921இல் மறைந்தார். வறுமையில் வாடிய அவர் குடும்பத்தாரிடமிருந்து அவர் எழுத்துகளின் உரிமைகள் கைமாறின. பாரதியாரின் பாட்டைப் பாடுவதற்கே ஒருவரிடம் அனுமதி பெற வேண்டிய நிலை உண்டாயிற்று. நாடெங்கும் குரல் எழுந்தது. 1949இல் ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியாரின் அரசு அந்த உரிமைகளைப் பெற்று நாட்டுடைமை ஆக்கியது. அப்போது கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம். அன்று முதல் தமிழ்நாட்டில் பல அறிஞர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டு வருகின்றன. ஆசிரியரின் வாரிசுகளுக்கு அரசு ஒரு தொகை வழங்குகிறது; நூல் மக்களுக்கு உரியதாகிறது. எழுதியவர் குடும்பமும் வாடாமல், படிப்பவர் உள்ளமும் வாடாமல் இருக்க இது நல்லதொரு வழியன்றோ?

எரிந்த நூலகமும் எரியாத நூலகமும்

உரிமை கிடைத்தால் மட்டும் போதுமா? நூல் ஓரிடத்தில் மட்டுமே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயர நிகழ்ச்சியே சான்று. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும், கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாத நூல்கள் அன்றோடு உலகை விட்டே மறைந்தன. பாட்டி சொன்ன பெயர்களில் பதினான்கை இழந்ததற்கே நாங்கள் அழுதோம். ஓர் இனம் தன் நூலகத்தையே இழந்தால் எவ்வளவு அழுதிருக்கும்!

அந்தச் சாம்பலிலிருந்து ஈழத்துத் தமிழர்கள் ஒரு பாடம் கற்றனர். 2005இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். ஈழத்து நூல்கள், இதழ்கள், செய்தித்தாள்களைப் படம் பிடித்து இணையத்தில் வைத்து வருகின்றனர். யாரும் எங்கிருந்தும் படிக்கலாம். படி எடுத்து வைத்துக்கொள்ளலாம். பல ஊர்களில் பல படிகள் இருந்தால் எந்தத் தீ வந்து என்ன செய்யும்?

அதற்கு முன்பே, 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்து நாட்டில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம். பல நாடுகளில் வாழும் தமிழர்கள், வேலை முடிந்து வந்த இரவுகளில், ஊதியம் ஏதுமின்றிப் பழந்தமிழ் நூல்களை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்தனர். முதலில் வெளியிட்ட நூல் திருக்குறள். இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூல்கள் அதில் உள்ளன. தமிழ்நாட்டு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகமும் பல்லாயிரம் நூல்களை மின்னூலகத்தில் வைத்துள்ளது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை விக்கிமூலம் என்னும் தளத்திலும் உள்ளன. மலைப்பாதையில் பேருந்து ஏறிச் சேலம் நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை. நூலகமே மலையேறி வந்துவிட்டது!

எழுத்துக்குப் போட்ட பூட்டு

இனி சிஸ்டரின் கேள்விக்கு வருவோம். எங்கள் பதினொரு பக்கங்கள் கூழானது ஏன்?

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தால்தான் அது நினைவில் வைத்துக்கொள்ளும். முற்காலத்தில் தமிழ் எழுத்துரு செய்தவர்கள், ஆங்கில எழுத்துகளின் எண்களையே கடன் வாங்கி, அவற்றின் மேல் தமிழ் எழுத்தின் வடிவத்தைப் போர்த்தினார்கள். அதிலும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் போர்த்தினார்கள். அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழ் தெரியும். இல்லாத கணினியில் போர்வை விலகி, உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளிப்படும். எங்கள் கட்டுரைக்கு நேர்ந்தது இதுவே.

இந்தக் குழப்பத்தை நீக்கவே 'ஒருங்குறி' பிறந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண்கள் வழங்கும் பொது ஏற்பாடு அது. 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2010ஆம் ஆண்டு கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. ஒருங்குறியில் எழுதியது எந்தக் கணினியிலும், எந்தக் கைப்பேசியிலும் தமிழாகவே தெரியும். அந்த எண்கள் எந்தக் கடைக்கும் சொந்தமல்ல.

எழுத்தைப் போலவே மென்பொருளிலும் பூட்டியது, திறந்தது என இரண்டு உண்டு. 1983இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கினார். கட்டற்ற மென்பொருளைப் பெறுவோர்க்கு நான்கு உரிமைகள் உண்டு: எந்த நோக்கத்திற்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து மாற்றலாம், பிறர்க்குப் படி வழங்கலாம், மாற்றியதையும் வழங்கலாம். விலையின்றிக் கிடைப்பதெல்லாம் கட்டற்றது ஆகாது. இலவசமாகக் கிடைத்த பெட்டியானாலும் சாவி பிறரிடம் இருந்தால் அது பூட்டிய பெட்டிதானே?

1991இல் பின்லாந்து நாட்டின் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் தொடங்கிய லினக்ஸ், இன்று உலகின் பெருங்கணினிகளை இயக்குகிறது. நம் அண்டை மாநிலமான கேரளத்தின் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிக் கல்வி கற்பிக்கின்றன. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்', 2011இல் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளிலும் இடம் பெற்றது. தமிழில் தட்டச்சு செய்யத் தன்னார்வலர்கள் உருவாக்கிய ஒரு மென்பொருளுக்கு 'எ-கலப்பை' என்று பெயர். எழுத்தை உழும் கலப்பை! கட்டற்ற மென்பொருளைத் தமிழில் கற்பிக்க 2012இல் 'கணியம்' என்னும் மின்னிதழும் தோன்றியது.

இவை எல்லாம் எங்கோ நடக்கும் செய்திகள் என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். இந்த ஆண்டு ஜூன் மாதம், பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை எங்கள் கணினி ஆசிரியை இறக்கி வைத்தார். அந்தப் பழைய பென் டிரைவைத் தேடி எடுத்து வந்தோம். கூழைக் கொட்டினோம். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பதினொரு பக்கங்களும் தமிழாய் எழுந்து நின்றன. ஏழாம் பக்கத்தில் பாட்டி சொன்ன இருபத்து மூன்று பெயர்களும் இருந்தன. தோழி அவற்றை வாய்விட்டுப் படித்தாள், படித்துக்கொண்டே அழுதாள். முகம் தெரியாத யாரோ ஒருவர் தம் உழைப்பைப் பூட்டி வைக்காததால், ஒரு பாட்டியின் குரல் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

எல்லாரும் எழுதும் கலைக்களஞ்சியம்

விடுதலை பெற்ற காலத்தில், தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் வேண்டுமென்று மேலே சொன்ன அவினாசிலிங்கம் அவர்களே முயன்றார். தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. அறிஞர் பலரின் அரும்பணி அது. ஆனால் அச்சிட்ட நூலில் புதுச் செய்தி சேர்க்க மறுபதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. இதில் படிப்பவரே எழுதலாம், பிழை கண்டவரே திருத்தலாம். தொடக்க நாட்களில் இதற்கு உரமிட்டவர் இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன். கட்டடக் கலைஞரான அவர், வளைகுடா நாட்டில் பணி செய்துகொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. இன்று அதில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன.

நம் மலையைப் பற்றி யார் எழுதுவார்?

ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பாரின் கல்லறை உள்ளது. நிலவியல் அறிஞரான இவர், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகுக்குக் காட்டிய கண்டுபிடிப்பு அது. முதுமையில் ஏற்காட்டில் வாழ்ந்தார். அவர் தொகுத்த தொல்பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றைப் பற்றிய அவருடைய நூல் 1914, 1916ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அதன் உரிமைக் காலம் என்றோ முடிந்தது, யாரும் படிக்கலாம். ஆனால் அது ஆங்கிலத்தில் உள்ளது. ஆங்கிலம் கற்ற நாங்களே அகராதியுடன் தடுமாறினோம். மலைக்கிராமத்துப் பள்ளியில் தமிழில் படிக்கும் தங்கைக்கு அந்த நூல் திறந்திருந்தும் பூட்டியதே. ஆகவே உரிமை ஒரு பூட்டு. எழுத்துரு ஒரு பூட்டு. மொழி மூன்றாவது பூட்டு. முதல் இரண்டையும் மற்றவர்கள் திறந்துவிட்டனர். மூன்றாவதைத் திறக்கும் சாவி நம் கையில்தான் இருக்கிறது.

சில ஐயங்கள்

எவரும் எழுதலாமென்றால் பிழை நேராதா என்று பெற்றோர் கேட்கலாம். நேரும். அதனால்தான் சான்று காட்ட வேண்டும் என்ற விதி உண்டு. படிப்பவரும் ஒன்றுக்கு இரண்டு நூலைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். இணையத்தில் உள்ளதைப் பார்த்து எழுதிவிட்டு வீட்டுப்பாடம் என்று கொடுப்பது திறந்த அறிவு ஆகாது, அது திருட்டே.

மலைவாழ் மக்களின் மூலிகை அறிவை வெளியிட்டால் பிறர் அபகரிக்க மாட்டார்களா என்பது மற்றோர் ஐயம். இது நியாயமான அச்சமே. ஆதலால் அவர்களின் இசைவின்றி எதையும் எழுதலாகாது. ஆயினும் எழுதி வைத்தது காப்பாற்றியதும் உண்டு. புண்ணுக்கு மஞ்சள் மருந்தாவதைத் தங்கள் கண்டுபிடிப்பு என்று கூறி 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் ஆய்வேடுகளையும் சான்றாகக் காட்டி வாதாடியது. 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. நம் பாட்டிமார் அனைவரும் அறிந்த மஞ்சள்தான். ஆனால் அங்கே வென்றது பாட்டியின் பேச்சன்று, எழுதி வைத்த ஏடே.

முடிவுரை

விவிலியத்தில் ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த புதுமையை நாம் அறிவோம். அந்த ஐந்து அப்பங்களும் இரண்டு மீன்களும் ஒரு சிறுவனுடையவை. பெரியவர்கள் பலர் இருந்த கூட்டத்தில், தன்னிடம் இருந்த சிறிதளவைக் கொடுத்தவன் அவனே. எல்லாரும் உண்டபின் பன்னிரண்டு கூடைகள் மிஞ்சின.

நம்மிடமும் சிறிதளவு உண்டு. நம் ஊர் ஏரி, சேர்வராயன் கோயில் திருவிழா, நம் தோட்டத்துத் தொழிலாளர் வழங்கும் சொற்கள், நம் பாட்டி சொல்லும் பெயர்கள். இவற்றை வேறு எவர் வந்து எழுதுவார்? பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஒரு முடிவு செய்துள்ளோம். பொதுத்தேர்வு முடிந்த விடுமுறையில், ஒவ்வொருவரும் நம் மலையைப் பற்றி ஒரு கட்டுரையைச் சான்றுடன், ஒருங்குறியில், தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவோம். தங்கைகளே, நீங்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதத் தொடங்குங்கள். கைப்பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தோழியின் குடும்பத்தார் இசைவுடன், பாட்டி சொன்ன இருபத்து மூன்று பெயர்களும் இம்மலரின் வேறொரு பக்கத்தில் அச்சாகின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம்; அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாட்டி எங்களுக்குச் சொன்னபோது ஒன்றும் கேட்கவில்லை.